ஏவல்

பாசையூர்ச் சங்கத்துக்குப் படிவம் எழுதிக் கொடுத்தேன்.
வள்ளத்தின் இலக்கம், எஞ்சினின் குதிரைவலு,
மண்ணெண்ணெய் எத்தனை லீற்றர்.
கீழே மூன்று பொத்தான்: சேர், திருத்து, காட்டு.

சங்கம் கேட்கக் கேட்கப் பொத்தான் கூடிப் பதினாலாகியது.
சேர் என்றால் இந்தத் துணைநிரலுக்குப் போ,
திருத்து என்றால் அதற்கு, இல்லையென்றால், இல்லையென்றால்,
கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது பக்கம்.

மின்சாரம் நின்று வந்த ஒரு மத்தியானம்
அத்தனையையும் வெட்டிவிட்டு ஒரே வரி எழுதினேன்:
வருகிற பெயர் எதுவோ, அதையே கூப்பிடு.

தமிழில் இது எவ்வளவு வசதி.
விகுதி வேண்டாம். வினையடி தனியே நின்றாலே கட்டளை.
வா. இரு. எழுது.
சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில்
ஓர் அரைப்புள்ளிதான்.

ஐந்தாம் நாள், இரவு பதினொன்றே காலுக்கு,
யாரோ முகவரி வரியில் தட்டியிருக்கிறார்கள்:
வேலை=வா
அந்தப் பெயரில் ஒன்றுமில்லை. நிரல் விழுந்து செத்தது.
வேலை=பாடு
செத்தது.
வேலை=அழி

அழி இருந்தது.
சோதித்துப் பார்க்க நானே எழுதி, பொத்தான் வைக்காமல்,
கொம்பாசுப் பெட்டிக்குள் அழிறப்பர் போல மறந்துபோனது.
பெயர் கேட்டதும் எழும்பி
முந்நூற்றுப் பன்னிரண்டு வள்ளத்தையும் துடைத்தது,
கூப்பிட்டது யார் என்று திரும்பியும் பாராமல்.

விடிய, செயலாளர் எமிலியாம்பிள்ளை தொலைபேசியில்:
“பிள்ளை, உம்மடை கொம்பியூட்டரிலை ஒரு வள்ளமும் இல்லை.
கரையிலை எல்லாம் கட்டிக் கிடக்கு.”

முதல்நாள் பிரதியிலிருந்து மீட்டேன்.
பிறகு ஒரு பட்டியல். கூப்பிடக்கூடிய பெயர் பதினாலு.
வருகிற பெயரை அதில் தேடு, இருந்தால் மட்டும் கூப்பிடு.
இல்லாவிட்டால் சொல்ல ஒரு வசனம் வேண்டும்.
யோசிக்காமல் விரல் எழுதியது:

அப்பிடி ஒரு ஆள் இஞ்சை இல்லை.

எழுதிய பின்தான் குரல் கேட்டது.
எண்பத்தொன்பது. கொழும்புத்துறை. ரோச் வெளிச்சம்.
கடதாசியைப் பார்த்து ஒரு பெயரை வாசித்தார்கள்.
படலையைப் பிடித்தபடி அம்மா
இதே வசனத்தை, இதே ஒழுங்கில்.
உள்ளே, தையல் மெசினுக்கும் சுவருக்கும் நடுவில்
அண்ணன் தன் பெயரைக் கேட்டுக்கொண்டு
எழும்பாமல் இருந்தான்.

அழியை நான் கோப்பிலிருந்து எடுக்கவில்லை.
இருநூற்றிப் பத்தாம் வரியில் இருக்கிறது.
கேட்கிறவர்களுக்கு இல்லை.