அமே

மூன்றே கால் மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டி
களியலுக்கு மேலே ரப்பர் சரிவில் கால் வைக்கும்போது
ஒரு காதில் மட்டும் பாட்டு.
மற்றக் காது பன்றிக்கும் பாம்புக்கும்.

முந்நூற்றிப் பத்து மரம்.
ஒரு பாட்டுக்கு ஏழு மரம் என்பது எனக்க கணக்கு.
டிரம்ஸ் அடிக்கிறவன் அவசரக்காரன்,
அவனோடு போனால் கத்தி ஆழமாய் இறங்கி
மரத்துக்குப் புண் வரும்.
ஆகவே கிட்டார்க்காரனோடு போகிறேன்.
அவன்தான் சரிவாய்க் கீறுகிறான்,
பால் தானாக இறங்கி வருகிற அளவுக்கு.

நாலு பேர். ஜப்பானில் ஏதோ ஊர்.
படத்தில் பார்த்தால்
ரெஜின் ஓட்டும் டெம்போவில் கிளியாய்த் தொங்குகிற பையன்கள் போல
கண்ணை மறைக்கும் முடி, காலையில் சாப்பிடாத முகம்.
நாத்தனார் மகன் கார்ட்டூன் பார்த்துவிட்டுப் போன
பழைய போனில் கிடந்தார்கள்.

அம்மை வீட்டில் பாட்டு என்றால் சபைப் பாட்டு.
அடுத்த வீட்டுக் கல்யாண மைக் சினிமாப் பாட்டைத் தொடங்கினால்
ஜன்னலை அடைத்து ஜெபத்துக்கு உட்காருவாள்.
இதை அவள் எந்தக் கணக்கில் எழுதுவாள்?
என்ன சொல்கிறான் என்றே தெரியாத பாட்டில்
பாவம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்?

மூன்றாவது பாட்டில்தான் அது வரும்.
எல்லா வாத்தியமும் சட்டென்று நின்று
அவன் மட்டும் மூச்சை இழுத்து
அம்மே என்பான்.
இரண்டாம் தடவை தொண்டை கிழியும்.
பதினெட்டாம் மரத்தடியில், அந்த வளைந்த மரம்,
கத்தியைத் தாழ்த்தி நிற்பேன்.
பனி பெய்யும் நாட்டில் பிறந்த ஒருவன்
அருமனைக்காரன் போல அம்மையைக் கூப்பிடுகிறான்.

ஆறு வருஷமாய் என் வாயில் வராத சொல்.
ரெஜினின் கோயிலில் நான் மாலை மாற்றிய ஞாயிறு
அவள் தன் சபையில் எழுந்து நின்று
"எனக்கு ஒரே மவ, அவ செத்துப் போனா" என்று
சாட்சி சொன்னாளாம்.
நாலு கிலோமீட்டர்தான். பஸ்கூட வேண்டாம்.

ஷெர்லின் மார்த்தாண்டத்தில் ஜப்பான் பாஷை படிக்கிறாள்,
அங்கே வயசானவர்களைக் குளிப்பாட்டும் வேலைக்குப் போக.
கட்டஞ்சாயா குடிக்கிற நேரம் ஒரு காதை அவளுக்குக் கொடுத்தேன்.
கண்ணை மூடிக் கேட்டாள். சிரித்துவிட்டாள்.
"அக்கா, அம்மே இல்ல. அமே.
அமேண்ணா மழ."

மழையா.
பட்டை நனைந்தால் பால் வழி தவறி ஒழுகும்,
சிரட்டையில் தண்ணீர் நிற்கும், கூலி போச்சு.
அதையா ஒருத்தன் இப்படிக் கூப்பிடுகிறான்?
வரச் சொல்கிறானா போகச் சொல்கிறானா என்று கேட்டேன்.
அவ்வளவு பாடம் இன்னும் ஆகவில்லை அவளுக்கு.

ஐப்பசியில் தொடர்ந்து நாலு நாள் அடித்தது.
நாலாம் நாளும் பழக்கத்தில் மூன்று மணிக்கு விழித்து
வேலை இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல்
மூன்றாவது பாட்டைப் போட்டேன்.
தகரத்தின்மேல் மழை
டிரம்ஸ்காரனுக்கு முன்பே தொடங்கியிருந்தது.
வாத்தியங்கள் நின்ற இடத்தில்
அது மட்டும் நிற்கவில்லை.

அந்த நம்பர் விரலுக்குத் தெரியும்.
எடுத்தாள். பேசவில்லை.
அவள் வீட்டுத் தகரத்திலும் அதே இரைச்சல்,
ஓர் இமைப்பு பிந்தி.
நான் சொன்ன சொல் எது என்று
இப்போதும் எனக்குத் தெளிவில்லை,
நடுவில் ஒரு மெய்யெழுத்து
இருந்ததா இல்லையா.

"இஞ்சயும் பெய்யிது" என்றாள்.
வைத்துவிட்டாள்.

ஐந்தாம் நாளும் வெட்டு இல்லை.