பத்தொன்பது அங்குலத் தீவு

டுலூத் நகரின் மேட்டுத் தெருக்களில்
வீடுகள் எல்லாம் ஏரியைப் பார்த்துச் சற்றே குனிந்திருக்கும்.
லெஹ்டோ தம்பதியின் வீடு
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில் குனியத் தொடங்கியது.
இன்னும் நிறுத்தவில்லை.

சமையலறை நடுவில் ஒரு கோலிக்குண்டை வைத்தேன்.
கொஞ்சம் யோசித்தது.
பிறகு ஃபிரிட்ஜைச் சுற்றிக்கொண்டு
பின்வாசல் கதவிடுக்கு வரை உருண்டு நின்றது,
வழி தெரிந்த விருந்தாளி போல.
ஒன்றேகால் அங்குலச் சரிவு என்று குறித்துக்கொண்டேன்.
"அது எங்களுக்குத் தெரியும்" என்றார் ஐலி.
"மேசைமேல் முட்டையை நாங்கள் வைப்பதே இல்லை."

நாலு பக்கமும் நீர் சூழ்ந்தால் தீவு
என்பது பள்ளிக்கூடப் பாடம்.
நாலு பக்கமும் ஆள் நடந்தால் தீவு
என்பது என் பிழைப்பு.
நடக்க நாற்பத்திரண்டு அங்குலமாவது விடவேண்டும்.
ஆனால் அன்றைக்குக் கட்டியவர்களோ
சமையலறையில் ஒரே ஒருத்திதான் நிற்பாள் என்று
முடிவு செய்துவிட்டே சுவர் எழுப்பியவர்கள்.
மூலையில் புகைபோக்கித் தூண் வேறு,
அடுப்பு போன பிறகும் வேலையை விடாமல்.

ஐலி, ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு.
ரை மாவு பிசைய அவருக்கு முப்பத்திரண்டு அங்குல உயரம்.
ஆர்வோ ஆறடி நாலங்குலம்.
ஏரி மீனைக் குனியாமல் அறுக்க முப்பத்தொன்பது.
கடையில் கிடைப்பதெல்லாம் முப்பத்தாறு:
இருவருக்கும் சமமாகப் பொருந்தாத நியாயம்.

தரையில் நீல ஒட்டுநாடாவால்
ஏழடிக்கு மூன்றடி கட்டம் போட்டேன்.
"ஒரு வாரம் இதைச் சுற்றிப் புழங்குங்கள்.
உள்ளே மரம் இருப்பதாக நினையுங்கள். மிதிக்காதீர்கள்."
இருவரும் தலையாட்டினார்கள்.
நாய் மட்டும் நேராக நடுவில் போய்ப் படுத்தது.

மறுவாரம் போனால்
நாடாவுக்குள் நாடா, அதற்குள் இன்னொன்று,
வற்றிக்கொண்டே போகும் குளத்தின் கரைக்கோடுகள் போல.

அடுப்புப் பக்கம் நகர்த்தியது ஆர்வோ.
அவள் சட்டியோடு திரும்பும்போது இடுப்பு இடிக்கக் கூடாதாம்.
ஜன்னல் பக்கம் நகர்த்தியது ஐலி.
அவருடைய இடது முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறதாம்,
வீசி நடக்க இடம் வேண்டுமாம்.
இரவில். ஒருவர் தூங்கிய பின் ஒருவர்.
காலையில் காப்பிக் கோப்பையோடு
இருவருமே கோடுகளைப் பார்த்திருக்கிறார்கள்,
பேசவில்லை.
கேட்டதற்கு,
நாய் செய்திருக்கும் என்றார் ஆர்வோ.

அளந்தேன்.
முப்பத்தாறு அங்குல அகலம்
பத்தொன்பதுக்கு வந்திருந்தது.
"இது தீவு இல்லை, துணி தேய்க்கும் பலகை."
"எங்களுக்கு இஸ்திரி போடவும் இடமில்லைதான்" என்றார் ஐலி.

வரைந்து வைத்த
தொட்டியும் இழுப்பறைகளும் பளிங்கும்
ரப்பரில் உதிர்ந்தன.
சக்கரம் வைத்தால் என்ன என்றார் ஆர்வோ.
விடிவதற்குள் அது ஏரிக்குப் போய்விடும் என்றார் ஐலி.

மூடிப்போன பௌலிங் கூடம் ஒன்றிலிருந்து
மேப்பிள் பலகை கிடைத்தது.
உள்ளே பதித்த அம்புக்குறி ஒன்று இன்னும் இருக்கிறது,
எந்தப் பக்கம் திருப்புவது என்று அரை நாள் விவாதம்.
நடுவில் ஒரு படி:
தாழ்ந்த பாதி மாவுக்கு, உயர்ந்த பாதி மீனுக்கு.
ஆறு கால்கள், ஆறு நீளங்கள்.
பார்த்தால் தெரியாது. செதுக்கிய எனக்கு முதுகில் தெரிந்தது.

நிறுத்தி, மட்டக்கோல் வைத்தேன்.
குமிழி நடுவுக்கு வந்து தங்கியது.
அதுவரை அந்தச் சமையலறைக்கு
மட்டம் என்று ஒன்று இருந்ததென்றால்
ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில், ஏரிதான்.

ஐலி ஃபிரிட்ஜைத் திறந்து
ஒரு முட்டையை எடுத்து வந்தார்.
தாழ்ந்த பாதியில் வைத்து
விரலை ஒவ்வொன்றாக எடுத்தார்.

மூன்று பேரும், நாயும், பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆர்வோ
குனிந்து
ஊதிப் பார்த்தார்.