காலி எடை

புளியரை எடைமேடையில் எனக்கு ராத்திரி ஷிஃப்ட்.
ஜல்லி, எம்சாண்ட், வைக்கோல், சீசனில் தக்காளி.
காலி வண்டியின் எடை, பாரத்தோடு எடை,
கழித்தால் வருவது சரக்கு.
கண்ணாடியின் அரைவட்ட ஓட்டையில் சீட்டை நீட்டி
"நூறு ரூவா, சில்லறையா குடுங்க" என்பேன்.
விடியும்வரை நான் பேசுவது
அநேகமாய் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை இருக்கும்.
புனலூர் போகிற டாரஸ் மேடையேறி நின்றது.
மீசை இப்போதுதான் அரும்பிய கிளீனர் பையன்
கவுண்டரில் முழங்கை ஊன்றியபோது
அவன் சட்டைப்பையிலிருந்து
நான் பேசினேன்.

"என் துணிமணி ஒங்க வீட்டுலயே கெடக்கட்டும்.
நான் மட்டும் இங்க இருந்துக்கிடுதேன்."

அடுத்து ஒரு மூக்குறிஞ்சல்.
அதையும் விடாமல் வெட்டி எடுத்திருந்தார்கள்.
பிறகு டமடமவென்று மேளம்,
மறுபடியும் என் துணிமணி.
பையன் எடுத்து
"ஆ சேட்டா, எத்தி" என்றான்.

அது ஆடிச் சாரல் அடித்த ஒரு செவ்வாய்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே ஃபோன்,
அந்தப் பக்கம் தென்மலை, ஒன்பது வருஷம்.
சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.
எங்கள் சமையல்கட்டுக்கும் தம்பி அறைக்கும்
கதவு கிடையாது,
பழைய போர்வை ஒன்று தொங்கும்.
பேசும்போது பார்த்தேன்,
போர்வைக்கு அடியில் பச்சையாய் ஒரு வெளிச்சம்.
கொசு மெஷின் என்று நினைத்தேன்.

இசக்கிதுரை விளையாடுவதை
அன்றைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்
பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.
அந்த விளையாட்டில் செத்தவனின் சாமானெல்லாம்
பெட்டியாகி அங்கேயே கிடக்கும்.
யாரோ ஒருத்தன் அந்த இடத்தில்
என் வாக்கியத்தைக் கொண்டுபோய் வைத்தான்.
பொருந்திவிட்டது.
இப்போது எந்தெந்த ஊரிலோ
எவனெவனோ சாகிறான்,
ஒவ்வொருவனும் என் வாயால்.

"ஒம் பேரு யாருக்குக்கா தெரியும்?
மொகமும் இல்ல.
வெறும் வாய்ஸ்தான?"

கோழிக்கழிவு ஏற்றி வந்தால் மடக்குகிறார்கள்.
பர்மிட் இல்லாத ஜல்லியை
ஓரங்கட்டி இரண்டு நாள் நிறுத்துகிறார்கள்.
வைக்கோலுக்குள்கூடக் கம்பி விட்டுக் குத்திப் பார்க்கிறார்கள்.
இது மட்டும்
ஒருத்தரும் தார்ப்பாயைத் தூக்காமல்
கோட்டைவாசல் தாண்டிப் போயிருக்கிறது.
தென்மலையிலும் கேட்டிருக்கும்.
அன்றைக்கு லைன் விட்டுவிட்டு வந்தது.
இதில் தெளிவாய்க் கேட்டிருக்கும் அவருக்கு.

பையன் சீட்டுக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.
நூறு என்று சொன்னால் போதும்,
தெரிந்துபோகும்.
பழைய சீட்டின் முதுகில் எழுதித் தள்ளினேன்.
பார்த்தான். முகம் மாறிவிட்டது.
ஊமை என்று நினைத்துக்கொண்டான்.
சில்லறையைப் பொறுக்கிச் சத்தமில்லாமல் அடுக்கினான்.
போகும்போது திரும்பி
ஐந்து விரல் குவித்து வாயருகே கொண்டுபோய்
சாப்பிட்டாச்சா என்று
சைகையில் கேட்டான்.

இத்தனைக்கும் நல்ல பையன்.

தலையாட்டினேன்.
வண்டி இறங்கிப் போனபிறகும்
எண் பூஜ்யத்துக்கு வரவில்லை.
இருபது கிலோ காட்டியபடி நின்றது.
மேடையில் மழைத்தண்ணி கட்டியிருக்கும்.
பட்டனை அமுக்கிப் பூஜ்யமாக்கினேன்.

மறுநாள் எனக்கு லீவு.
"எடுத்துட்டேங்க்கா, சுத்தமா எடுத்துட்டேன்" என்றான்.
அவன் எடுத்தது அவனிடம் இருந்ததை.
ராத்திரி கஞ்சி கொதிக்கும்போது
போர்வையை விலக்கிக்கொண்டு வந்து நின்றான்.
காதில் மாட்டியது கழுத்தில் தொங்கியது.
"இனிமே கேட்டுட்டுத்தான்.
நீ பேசுனா உள்ள கேக்கும்லா, அதான்.
ஆரம்பிக்கட்டுமாக்கா?"

பிறந்ததிலிருந்து என்னிடம் எதற்கும்
அனுமதி கேட்டவனில்லை.
கரண்டியைக் கீழே வைத்தேன்.
"வேண்டாம்ல" என்றேன்.

அவனுக்குப் பின்னால், போர்வைக்கு அடியில்,
பச்சையாய் எரிந்துகொண்டிருந்தது.
கொசு மெஷின்
இங்கே என் காலடியில் இருந்தது.