இதர

மஞ்சக்குப்பம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை.
இரவு பத்து முதல் காலை ஆறு வரை
கடலூரின் கோபத்துக்கு என் காது.

கத்திரி தொடங்கிப் பதினோராம் நாள்.
மதியமே வரவேண்டிய கடல்காற்று
நள்ளிரவாகியும் வரவில்லை.
புதுப்பாளையத்தில் ஒரு ஃபேஸ் போனதற்கு
என் அம்மாவைத் திட்டினார் ஒருவர்.
செம்மண்டலத்திலிருந்து ஒரு பெண்
கைப்பிள்ளை உடம்பெல்லாம் வேர்க்குரு என்று தொடங்கி
அழுதபடியே போனை வைத்தாள்.
வண்டிப்பாளையத்தில் தண்ணீர் கேனுக்காக
அண்ணன் தம்பி மண்டை உடைந்ததாம்,
அதற்கும் டிரான்ஸ்ஃபார்மர்தான் காரணமாம்.
எழுதிக்கொள்கிறேன்.
மார்கழியில் இதே குரல்கள்
"கொஞ்சம் பாருங்கம்மா" என்றவை.

இரண்டு நாற்பதுக்கு முதுநகரிலிருந்து ஒருவர்.
பெயர் சகாயநாதன்.
"கரண்ட் இல்லையா சார்?"
"இருக்கு."
"லோ வோல்டேஜா?"
"இல்லம்மா. ஃபேன் நல்லா சுத்துது."
பிறகு மூச்சு மட்டும்.
"ஒன்பது நாளாத் தூக்கமில்ல.
சுவர் சுடுது, தலகாணி சுடுது.
மாடிக்குப் போனா
கைப்பிடிச் சுவர் கூப்பிடற மாதிரி இருக்கு.
அதான் கீழ வந்துட்டேன்.
இந்நேரத்துக்கு எடுக்கற நம்பர் இது ஒண்ணுதான்."

பழுதின் வகை என்றொரு கட்டம் உண்டு.
ஃபியூஸ், கம்பி அறுந்தது, தீப்பொறி, இதர.
இதர என்று எழுதினேன்.
வேறென்ன கேட்பதென்று தெரியாமல்
மின் இணைப்பு எண்ணைக் கேட்டேன்.
ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார்.
திருப்பிச் சொல்லும்போது
ஒன்றை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன்.
திருத்தினார்.
இன்னொன்றையும்.
மறுபடி முதலிலிருந்து.

இன்னொரு போனில் வில்வநாதனை எழுப்பி
ஏணியோடு போகச் சொல்லியிருந்தேன்.
"பழுதில்லாத வீட்டுக்கு ஏணி எதுக்குக்கா?"
"போ. நிதானமாப் பாரு."

நேற்று மதியம் பாட்டிலைத் தட்டிவிட்டதற்கு
என் மகளை அடித்தேன்.
ஐந்து விரலும் பதிந்தன.
அழவில்லை அவள்.
சிந்திய தண்ணீரில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள்.
இது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

வில்வநாதன் ஆறு மணிக்கு வந்தான்.
மீட்டரைப் பார்த்தானாம், வயரைப் பார்த்தானாம்,
அவர் தலையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினானாம்.
மாடிக்கதவுத் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்ததாம்,
முடுக்கிவிட்டு வந்தானாம்.
"நம்ம வேலை இல்லதான்க்கா."
பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு அவனே கூட்டிப்போகிறானாம்.

'சரிசெய்யப்பட்டது' என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தேன்,
எடுத்துவிட்டேன்.

வெளியே வண்டி சீட் இப்போதே சுடுகிறது.
வீட்டில் அவள் எழுந்திருப்பாள்.