கியர்பாக்ஸ் வரும்வரை விலாசம்

கொட்டகலை தாண்டி மூன்றாவது வளைவில்
வீடு நின்றது.
ரிவர்ஸ் ஒரு மாதமாகவே விழுவதில்லை.
அன்றைக்கு எதுவுமே விழவில்லை.
எட்வின் இறங்கிப்போய் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.
நான் தரையில் சிந்திய பருப்பைத்
தூசி கழித்து அள்ளிக்கொண்டிருந்தேன்.

பெயர்ப்பலகையில் இன்னும் மஸ்கெலியா.
அதை அழிக்க ஒரு டின் பெயின்ட்
இரண்டு வருடமாக என் சிட்டையில் இருக்கிறது.
யாரோ ஒரு பெண் ஓடிவந்து ஏறி
கட்டிலைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள்.
"மன்னிச்சுக்குங்க, வீட்டுக்குள்ள வந்துட்டேன்"
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
இறங்கிப்போனாள்.

கொழுந்து லொறியொன்று
கயிறு கட்டி ஹட்டனுக்கு இழுத்தது.
தையல் மெஷினை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்,
அதுவாவது என் பக்கம் இருக்கட்டும் என்று.

சுபைர் பாஸ் கீழே படுத்துப் பார்த்தார்.
எழுந்து கையைத் துடைத்தார்.
பாஸ்மார் கை துடைக்கிற நேரத்தை வைத்தே
செலவைச் சொல்லிவிடலாம்.
அவர் நெடுநேரம் துடைத்தார்.
"பஞ்சிகாவத்தையிலதான் தேடணும். ஒரு கிழம போகும்.
அதுவரைக்கும் எங்க தங்குவீங்க?"
"இங்கதான்."

ஜாக்கில் ஏறிய வீடு ஒரு பக்கம் சாயும்.
தோசை அந்தப் பக்கம் தடிக்கும்.
தூக்கத்தில் எட்வின் அந்தப் பக்கம் உருளுவார்.
கீழேயிருந்து ஸ்பேனர் தட்டும்:
"அக்கா, தண்ணி ஊத்தாதீங்க, ஆள் இருக்கு!"
பலகை இடுக்கால் தேத்தண்ணி வேணுமா என்பேன்.
அதே இடுக்கால் பதில் வரும்,
சீனி கம்மியா.

வீடு நின்றாலும் வேலை நிற்குமா.
கேன் இரண்டோடு சந்தைக் குழாயடி.
கேஸ் சிலிண்டரை மடியில் வைத்து ஓட்டோ.
பதினொரு பள்ளிக்கூட கவுனுக்கு நூல் வாங்கினால்
துணி நீல வெள்ளை, நூல் பால் வெள்ளை,
மழையில் திரும்பப் போனேன்.
எட்வினுக்கு பிரஷர் மாத்திரை.
கிளினிக் கொப்பியில் விலாசம் என்றொரு கட்டம்;
வண்டி நம்பரை எழுதிக் கொடுத்தேன்.
ஃபோன் நம்பர் என்று நினைத்த நர்ஸ்
இலக்கம் குறையுதே என்றாள்.

கிராம சேவகர் ஒவ்வொரு முறையும் கேட்பது ஒன்றே:
"நிக்கிறீங்களா, போறீங்களா?
நிக்கிற ஆளுக்குத்தான் கடிதம்."

ஒரு கிழமை மூன்று கிழமை ஆனது.
சுபைர் பாஸ் பழைய பில்லின் பின்பக்கத்தில்
இவர்கள் என் இடத்தில் இருக்கிறார்கள் என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டார்.
கையெழுத்தைவிடத் தெளிவாக
அவருடைய கிரீஸ் பெருவிரல்.

வியாழக்கிழமை குடையோடு வந்தார் சேவகர்.
வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார்.
முன்சக்கரம் இரண்டும் டயர் கடைக்குப் போயிருந்தன.
"சரிதான். இது நிக்குது"
பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் கொழும்பு லொறிப் பொடியன்
சாக்கில் கட்டிய ஒன்றைத்
தொம்மென்று வாசலில் இறக்கினான்.
எட்வின் என்னைப் பார்த்தார்.
நான் கவுன் துணியை அதன்மேல் விரித்து
உட்கார்ந்துகொண்டேன்.
"ஐயா ஒரு பிளேன்டி குடிக்கிறீங்களா?"
கீழே ஸ்பேனர் மூச்சு விடவில்லை.
சேவகர் சீல் குத்தினார்.
காயட்டும் என்று ஊதினார். ஆறுதலாக ஊதினார்.
குளிர்ந்த இரும்பு துணிக்கு மேலாகவும்
எனக்கு ஏறிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ரிவர்ஸ் முதல் தடவையிலேயே விழுந்தது.
கராஜை விட்டுப் பின்னால் வந்தோம்,
கடிதத்தில் இருந்த எங்கள் விலாசத்திலிருந்து
பின்னால்.
சுபைர் பாஸ் ரேடியேட்டர் மூடியைச் சொல்லிச் சொல்லி
வீதிவரைக்கும் நடந்தார்.

சிட்டையில் விலாசத்தை வெட்டினேன்.
அதற்குக் கீழே கருவாடு, வைப்பர் ரப்பர், பெயின்ட்.
கொட்டகலை ஏறும்போது மழை பிடித்தது.
எட்வின் பக்கத்து வைப்பர் ஆடவில்லை.
இரண்டு வளைவுக்கு
நான்தான் பாதையை வாயால் சொன்னேன்.