இந்த வீட்டைப் பொறுத்த மட்டில்

நோட்டரி அரேச்சிகா கண்ணாடியைத் துடைத்துப் போட்டும்
பெயரில் தடுக்கி விழுந்தார். ஹ்னாட்யுக்.
முதல் எழுத்து எங்கள் மொழியில் ஊமை.
இரண்டாவது தனியே நிற்க மறுக்கிறது.
மூன்றாம் முறை, "திரு. வாரன்" என்று சமாதானமானார்.

நான் மொழிபெயர்ப்பாளர்.
ஸகடேகாஸில் அரசு முத்திரை வைத்திருப்பவர்களில் ஒருத்தி.
பக்கக் கணக்கில் கூலி.
கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது,
நடுவில் பெருமூச்சு விடக்கூடாது.

நான்கெல்லை விவரம்:
வடக்கே பதினோரு மீட்டர் எழுபது,
காலஞ்சென்ற ஸெனோன் ஒல்வேராவின் வாரிசுகள்.
தெற்கே தெரு. கிழக்கே படிக்கட்டுச் சந்து.
மேற்கே
இன்னாரென்று அறியப்படாத உரிமையாளர்.

"அறியப்படாதவரா?"
"எனக்கு நினைவு தெரிந்த நாளாக" என்றாள் எவுலாலியா பெரூமென், விற்கிறவள்.
"ஆனால் அவருடைய கோழிகளை எங்களுக்கு நன்றாகத் தெரியும்."
அதையும் சொன்னேன், கூலியில்லாமல்.

வாரன் கனடாவில் சரக்கு ரயில் ஓட்டியவர்.
முப்பத்தெட்டு வருஷம் கோதுமையை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.
பார்த்ததெல்லாம் பின்னால் போயிற்று, என்கிறார்.
நகராத ஒன்று வேண்டுமாம்.
கைகளை மேசைமேல் வைத்திருந்தார்,
யாரோ வந்து வாங்கிக்கொள்ள வேண்டிய
இரண்டு பொட்டலங்களைப் போல.

வில்லங்கம் இல்லை.
தண்ணீர்த் தொட்டியில் விரிசல் உண்டு, வாங்குபவர் அறிவார்.
மாதுளைச் செடியைப் பற்றிப் பத்திரத்தில் ஒன்றுமில்லை.

பதினான்காம் பக்கத்தில் அந்தப் பிரிவு வந்தது.
"வாங்குபவர் அந்நியர். ஆயினும்
இந்தச் சொத்தைப் பொறுத்த மட்டில்
இந்நாட்டுக் குடிமகனாகவே தன்னைக் கருத ஒப்புகிறார்.
இதன்பொருட்டுத் தன் அரசிடம் முறையிட மாட்டார்.
முறையிட்டால் சொத்து தேசத்தைச் சேரும்."

இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.
"அப்படியானால் வாசற்படிக்கு உள்ளே நான் மெக்சிகோக்காரன்."
"பொறுத்த மட்டில்."
"வெளியே?"
நோட்டரி கடிகாரத்தைப் பார்த்தார்.
"சுற்றுலாப் பயணி. நூற்றெண்பது நாள்."

"கூரை ஒழுகினால் யாரிடம் முறையிடுவது?"
"கூரையிடம்தான்" என்றாள் எவுலாலியா.
"நான் அப்படித்தான் செய்தேன். அது கேட்கவில்லை."

எல்லோரும் சிரித்தார்கள்.
என் தம்பி எலியோதோரோவுக்கும் ஒரு வீடு இருக்கிறது.
வாக்கிகன் என்ற ஊர், எல்லைக்கு அந்தப் பக்கம்,
வெகு தூரம் வடக்கே, ஏரிக்கரையில்.
இரண்டு படுக்கையறை. வெளிர்மஞ்சள்.
வாசலில் பனி தள்ளுகிற மண்வெட்டி.
பத்திரம் அவன் பெயரில்,
ஓர் எழுத்துப் பிழை கிடையாது.
வீட்டுவரி வருஷத்துக்கு இரண்டு தவணை,
ஒருநாள் பிந்தியதில்லை.

வீடு அங்கே சட்டப்படி இருக்கிறது.
அவன்தான் இல்லை.
யாரையும் எதையும் பொறுத்த மட்டில்
என்னவாகவும் கருதிக்கொள்ள
அவனிடம் ஒருவரும் ஒப்புதல் கேட்கவில்லை.
கதவு தட்டினால் விளக்கை அணைக்கிறான்,
தன் விளக்கை, தான் கட்டணம் கட்டிய விளக்கை.
அம்மாவை அடக்கம் செய்தபோது
கல்லறையில் நான் போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.
வந்திருந்தால்
வீட்டுக்குத் திரும்பியிருக்க முடியாது அவனால்.
அவன் வீட்டுக்கு.

இது எந்தப் பக்கத்திலும் இல்லை.
பக்கத்தில் இல்லாததற்கு மொழிபெயர்ப்பு இல்லை.

பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.
வாரன் மெதுவாகப் போட்டார்,
சிக்னல் இல்லாத ஸ்டேஷனில் ரயிலை நுழைப்பவர்போல.
"விசுவாசமானது, முழுமையானது" என்ற வரிக்குக் கீழே
நானும் போட்டேன்.

சாவிகள் மூன்று என்று பத்திரம் சொன்னது.
மூன்று என்றேன்.
எவுலாலியா மேசைமேல் இரண்டை வைத்தாள்.
பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு
ஜன்னலைப் பார்த்தாள்.

வாரன் எண்ணினார். அவளைப் பார்த்தார்.
பிறகு என்னை.
இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
"மூன்று" என்றார்,
எங்கள் மொழியில்.
உச்சரிப்பு அவ்வளவு மோசமில்லை.