மைனர்

விண்ணப்பத்தில் மேஜருக்கு நேரே
அரசியல் அறிவியல் என்று மூன்று வருடமாக இருக்கிறது.
அதற்குக் கீழே மைனர் என்றொரு கட்டம்,
காலி.
ஆலோசகர் கார்லா திரையை என் பக்கம் திருப்பினாள்.
"மண்ணியலில் நான்கு பாடம் முடித்துவிட்டாய்.
இன்னும் இரண்டு போதும், தெரியுமா?"

தெரியாது.
செவ்வாய் காலை எட்டரைக்கு வேறு வகுப்பில் இடமில்லை.
மைனஸ் முப்பதில் பேருந்து இறக்கிவிடுவது
வேளாண் கட்டடத்து வாசலில்.
கூட்டாட்சி படிக்கப் போகிற வழியில்
குளிருக்கு ஒதுங்கியவள் நான்.

வீட்டில் சொன்னேன்.
அம்மா பூரிக்கட்டையை நிறுத்தினாள்.
"மைனரா? கழுத்துல செயினைப் போட்டுக்கிட்டு
பட்டனைத் தொறந்துவிட்டுத் திரியுறதா?"
இரவு ஷிப்டுக்கு பூட்ஸ் கயிறு இறுக்கிக்கொண்டிருந்த அப்பா
சட்டையில் தொங்கிய அடையாள அட்டையைத் தட்டினார்.
"வீட்டுக்கு ஒரு மைனர் போதாதாக்கும்."

நெய்வேலியில் அவருடையது வெயில் விழும் சுரங்கம்.
இங்கே, சஸ்கட்டூனுக்கு வெளியே,
கோதுமை வயலுக்கு ஒரு கிலோமீட்டர் கீழே
என்றோ வற்றிய கடலின் உப்பை வெட்டுகிறார்.
ஊர் உர மூட்டையில்
சாம்பல் சத்து என்று போட்டிருப்பார்களே, அது.
சாம்பல் நிறமில்லை, இளஞ்சிவப்பு.
குளித்த பிறகும் காதுமடலில் இருக்கும்.

ஆய்வகத்தில் ஈர மண்ணை
கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே
நாடாவாக இழுக்கச் சொன்னார்கள்.
எவ்வளவு நீளத்தில் அறுகிறதோ
அவ்வளவு களி.
என்னுடையது இரண்டு அங்குலம் வந்தது.
வாழ்க்கையில் எதற்கும் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

அன்று மதியமே செமினார், தலைப்பு இறையாண்மை.
அரசு என்றால் மக்கள், நிலப்பரப்பு, அதிகாரம் என்று
நான் வாசித்து முடித்ததும்
ஷெல்பி கை தூக்கினாள்.
பேசவே பேசாத ஷெல்பி.
"ஒப்பந்தத்தில் எங்கள் முன்னோர் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தது
கலப்பை இறங்கும் ஆழத்துக்குத்தான்
என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.
நீ சொல்லும் நிலப்பரப்பு
எத்தனை அங்குலம்?"

அகல உழுவதைவிட ஆழ உழு
என்றொரு பழமொழி நாக்கு நுனி வரை வந்தது.
விழுங்கினேன்.
நகக்கண்ணில் காலை எடுத்த மண் காய்ந்திருந்தது.
என் கல்விக் கட்டணம் எந்த ஆழத்திலிருந்து வருகிறதென்று
அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

மைனர் பட்டச் சான்றிதழில் அச்சாகாதாம்.
மதிப்பெண் பட்டியலில், கடைசி வரியில் மட்டும்.
கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

விடியலில் அப்பா வந்தார்.
நான் தூங்கவில்லை.
"கீழ போற லிஃப்ட்டுக்கு எவ்ளோ நேரம்பா ஆகும்?"
"மூணு, நாலு நிமிஷம். ஏன்?"
"கட்டுரைக்கு."
"எந்தப் பாடத்துக்கு?"

தண்ணீர் கொதிக்கும் சத்தம்.
அவர் தூள் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்,
பதில் வரும் என்று
முதுகைத் திருப்பியபடியே.